காரைக்கால் கரையில் நான்கு நாட்கள்

விடுமுறை என்றதும் நம்மவர் நினைவு உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஓடுகிறது. கடல் வேண்டுமென்போர் சென்னை மெரினாவோடு நிறைவடைகின்றனர். நாகூருக்கு வந்து செல்லும் குடும்பங்கள் பலவும், வடக்கே சில கல் தொலைவில் உள்ள ஓர் அமைதியான கடற்கரையை எட்டிப் பாராமலே ஊர் திரும்பிவிடுகின்றன. அதுவே காரைக்கால் கடற்கரை.

கடந்த தை மாதத்தில் எங்கள் குடும்பம் அங்கு நான்கு நாட்கள் தங்கிற்று. சவூதியில் பணிபுரியும் என் தங்கையின் கணவர் நாற்பது நாள் விடுப்பில் வந்திருந்தார். விருந்து, திருமணம், வீட்டு வேலை என்று முப்பது நாட்கள் கரைந்துவிட்டன. "வாப்பா வந்தும் என்னோட பேச நேரமில்லையே மாமா" என்று அவருடைய பத்து வயது மகள் என்னிடம் கூறிய சொல்லே எங்களைப் புறப்பட வைத்தது. காரைக்காலில் பிறந்தவரான என் தாயாரையும் உடன் அழைத்துச் சென்றோம்.

புதுவை ஒன்றியப் பகுதியைச் சேர்ந்ததாயினும், காரைக்கால் புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் தனித்து நிற்கிறது. பரப்பளவு 160 சதுர கிலோமீட்டர் அளவே. கிழக்கே வங்கக் கடல். மற்ற மூன்று புறமும் தமிழகத்தின் நெல்வயல்கள். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இவ்வூர், இடையிடையே ஆங்கிலேயர் வசமும் இருந்து, 1954 நவம்பர் முதல் நாளன்று இந்திய நிர்வாகத்துக்கு மாறிற்று.

நகரிலிருந்து அரசலாற்றின் கரையோரமாகச் செல்லும் சாலையே கடலுக்கு வழி. காவிரியின் கிளையாகிய இவ்வாறு, வழிநெடுக வயல்களுக்கு நீரூட்டிவிட்டு, இங்கே ஆரவாரமின்றிக் கடலில் கலக்கிறது. ஆற்றில் வரிசையாக மீன்பிடிப் படகுகள். மணலுக்கு அப்பால் கலங்கரை விளக்கம். சுபுஹு தொழுகை முடித்து நாங்கள் கரையை அடையும்போது கீழ்வானம் வெளுக்கத் தொடங்கியிருக்கும். அவ்வேளையில் கூட்டமில்லை, பெண்கள் தயக்கமின்றி நடக்கலாம். பயணிக்குரிய சலுகை இருப்பினும், நகரில் பள்ளிவாசல்கள் பல இருந்தமையால் ஜமாஅத் தொழுகை எங்களுக்குத் தவறவில்லை.

இரண்டாம் நாள் மாலை, என் தாயார் மணலில் அமர்ந்தவாறு கூறினார்: "எங்க வாப்பா சைகோனுக்குச் சபர் போன பிறகு, எங்க உம்மா இந்தக் கடற்கரைக்கே வந்ததில்லை. பிரிச்ச தண்ணியை எதுக்குப் பார்க்கணும்னு சொல்லுவாங்க."

நான் அறியாத செய்தி அது. பிரெஞ்சு ஆட்சியின் தொடர்பால், காரைக்கால் முஸ்லிம்கள் பலர் வணிகம் நாடி இந்தோசீனா சென்றனர். சைகோன் நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. 1975 ஏப்ரலில் அந்நகர் வீழ்ந்தபின் எஞ்சியிருந்தோரில் பலரும் வெளியேறினர். என் பாட்டனாரும் அவ்வாண்டு ஊர் திரும்பினார். அதுவரை பாட்டியாருக்கு வாய்த்தவை சில ஆண்டுகளுக்கொரு முறை வந்த சில மாதங்களே.

"வாப்பாவும் இந்தக் கடல்லதான் போவாங்களா?" என்று கேட்டாள் சிறுமி. "இல்லை, திருச்சியிலிருந்து விமானத்தில்" என்றேன். கப்பல் விமானமாயிற்று, காத்திருப்பு மட்டும் மாறவில்லை என்று எனக்குள் எண்ணிக்கொண்டேன்.

இக்கடலின் மற்றொரு முகத்தையும் மறைத்தலாகாது. 2004 டிசம்பர் 26 காலை எழுந்த ஆழிப்பேரலை, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி முதலான மீனவர் ஊர்களைத் தாக்கியது. காரைக்கால் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 500 உயிர்கள் பறிபோயின. அலையின் அழகை வியக்கும் குழந்தைகளுக்கு அதன் வலிமையையும் சொல்லிவைத்தல் நம் கடமை. ஆற்று முகத்துவாரத்தில் நீரோட்டம் கடுமையாதலால், அங்கே நீரில் இறங்குவதை அறவே தவிர்க்க வேண்டும்.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். தை முதல் பங்குனி வரை இனிய காலம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழையும் புயலும் உண்டு. கோடை விடுமுறையில் செல்வோர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளதை நினைவிற் கொள்க. அப்போது மீன் வரத்துக் குறைவு. நாகூரிலிருந்து 2011இல் அமைந்த அகல இரயில் பாதை பயணத்தை எளிதாக்கியுள்ளது. மாலையில் சூடான இறால் வாடாவைச் சுவைக்க மறவாதீர்கள். நகரில் மஸ்தான் சாகிபு தர்காவும், காரைக்கால் அம்மையார் கோயிலும், கிறித்தவ தேவாலயமும் உள்ளன. தரங்கம்பாடியில் டேனியர் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை, வடக்கே சிறிது நேரப் பயணத்தில் உள்ளது.

ஆயினும், நாங்கள் பார்த்த இடங்கள் குறைவே. மூன்றாம் நாள் தரங்கம்பாடி செல்ல வண்டி பேசியிருந்தோம். தந்தையும் மகளும் மணலில் வீடு கட்டுவதில் மூழ்கியிருந்ததைக் கண்டு பயணத்தைக் கைவிட்டோம். அதில் எங்களுக்கு வருத்தமில்லை.

கடைசி நாள் அதிகாலை, என் தாயார் அலையோரம் சென்று காலை நனைத்துக்கொண்டார். பேத்தி அவர் கையைப் பற்றியிருந்தாள். "எங்க உம்மாவும் ஒரு தடவை வந்திருக்கலாம்" என்றார். வேறொன்றும் கூறவில்லை.

வாசக நேயர்களே! நம் இல்லங்களில் பெரும்பாலானவற்றில் ஒருவரேனும் கடல் கடந்து பொருளீட்டுகின்றனர். அவர்கள் ஊர் வரும்போது, விருந்துக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் நாட்களை ஒதுக்குகிறோம். நாற்பதில் நான்கு நாட்களை அவர்தம் மனைவி மக்களுக்கென்று ஒதுக்குங்கள். காரைக்கால்தான் என்பதில்லை, உங்கள் ஊருக்கு அருகிலுள்ள எந்தக் கரையாயினும் நன்று. அடுத்த விடுப்பு வரும்வரை அந்நாட்களின் நினைவே அவர்களுக்குத் துணையாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.