மீனுக்கு ஜிகினா

பெண்ணின் பிரசவத்துக்கு அமெரிக்கா போய் வந்தவளிடம், "அங்கே புதுசா என்ன கத்துக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்கிறவர்கள் கேக், பீட்ஸா என்று ஏதாவது பதிலை எதிர்பார்க்கிறார்கள். நான், "தூண்டில் முள்ளுக்கு ஜிகினா போடக் கற்றுக்கொண்டேன்" என்கிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்! அந்தக் கைவேலையில் அழகும் இருக்கிறது. குழந்தை உள்ள வீட்டில் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய விஷயமும் இருக்கிறது.

என் மகள் இருப்பது மின்னசோட்டா மாநிலத்தில். பத்தாயிரம் ஏரிகள் என்று கார் நம்பர் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்து தரை மாதிரி ஆகிவிடும். தெளிவான பனிக்கட்டி நாலு அங்குல கனமாவது இருந்தால்தான் மேலே நடக்கலாம் என்பது அங்கே கணக்கு. அதில் துளை போட்டு, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து மீன் பிடிப்பார்கள். எங்கள் மாப்பிள்ளைக்கும் அந்தப் பைத்தியம் பிடித்து நாலைந்து வருஷமாகிறது.

அவர்கள் தூண்டிலில் கட்டுவதற்கு 'ஜிக்' என்று பெயர். முள்ளின் கழுத்தில் பட்டாணி அளவு உலோகத்தை வார்த்து ஒரு தலை. அதற்கு வர்ணம், கண் எல்லாம் உண்டு. கனத்தினால் முள் நேரே கீழே இறங்கும். மேலிருந்து சுண்டிச் சுண்டி இழுத்தால் குட்டி மீன் துள்ளுவது போல ஆடும். கடையிலும் கிடைக்கிறது. ஆனாலும் வீட்டில் செய்வதில் ஒரு திருப்தி, நாம் வடாம் போடுகிற மாதிரி.

"ஜிகினா எதுக்கு மாப்பிள்ளை? மீன் என்ன கல்யாணத்துக்கா வருது?" என்று கேட்டேன்.

"குட்டி மீனோட செதில் மினுக்கும் இல்லையா அத்தை, அது மாதிரி தெரியணும்" என்றார். அங்கே எல்லோரும் விரும்பிப் பிடிக்கும் 'வால்ஐ' மீனுக்குப் பூனைக்கு இருப்பது போன்ற கண். உள்ளே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் படலம் இருப்பதால் மங்கலிலும் நன்றாகப் பார்க்கும். பனிக்கட்டிக்கு அடியில் ஒரு துளி மினுக்கு அதற்குப் போதும்.

செய்முறை சுலபம்தான். ஜிக்கை இடுக்கியில் பிடித்து, சூட்டுக் காற்று வீசும் கருவியால் தலையைச் சில விநாடி சூடாக்கி, வர்ணப் பவுடரில் ஒரு முக்கு. பவுடர் உருகி வழவழவென்று படியும். அந்தச் சூடு ஆறுவதற்குள் ஜிகினாத் தூளைத் தூவ வேண்டும், ஆறிவிட்டால் ஒட்டாது. அள்ளிக் கொட்டினால் சொரசொரவென்று ஆகிவிடும். பொரியலுக்கு உப்புத் தூவுவது போல இரண்டு விரலால் தூவினால் அழகு. நூல் கட்டும் வளையம் அடைபடாமல் ஊசியால் குத்திவிட்டு, மேலே நிறமில்லாத பவுடரில் இன்னொரு முக்கு. பிறகு கம்பியில் தொங்கவிட்டு, சின்ன மின்சார அவனில் 177 டிகிரி செல்சியஸில் கால் மணி, இருபது நிமிஷம் வைத்தால் வர்ணம் இறுகிவிடும்.

ஜிகினாவிலும் சூடு தாங்கும் ரகம் தனியாக உண்டு. சாதாரண ஜிகினா பிளாஸ்டிக் என்பதால் சூட்டில் சுருங்கி மங்கிப் போகலாம். கையில் அதுதான் இருக்கிறது என்றால், வர்ணம் இறுகி ஆறின பிறகு நிறமில்லாத நகப்பூச்சில் கலந்து மேலே தடவி உலர விடலாம்.

இதுவரைக்கும் பிரமாதம். ஒரு நாள் மாப்பிள்ளையின் சின்ன அவன் ரிப்பேர். "அத்தை, ஒரே ஒரு தடவை சமையல் அவன்ல வச்சுக்கட்டுமா?" என்றார்.

"அந்தத் தலை என்ன உலோகம் மாப்பிள்ளை?"

"ஈயம்தான்."

"எந்த ஈயம்?"

அவர் விழித்தார். நான் கும்பகோணத்துக்காரி. எங்கள் ஊரில் ஈயச் சொம்பில் ரசம் வைத்து வளர்ந்தவள். அது வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். அதனால்தான் ரசம் இல்லாமல் காலிச் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது என்பார்கள். இன்னொன்று காரீயம். 327 டிகிரியில் உருகும், கனமானது, விஷம். மாப்பிள்ளை கார் ஷெட்டில் உருக்கி வார்த்தது காரீயம். வீட்டில் மூன்று வயசுப் பேரன். மினுக்குவதெல்லாம் மிட்டாய் என்று நினைக்கிற வயசு. மகளுக்கு எட்டு மாசம்.

"சாப்பாடு வேகிற அடுப்பில் வேண்டாம்" என்றேன்.

"வர்ணம் பூசினா ஈயம் மூடிடுமே அத்தை?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் உருக்கும்போது வரும் புகை, தலையை அரம் போட்டுத் தேய்க்கும்போது பறக்கும் தூள் எல்லாம் வர்ணத்துக்கு முந்தின சமாசாரம். அந்தத் தூள் சட்டையிலும் செருப்பிலும் ஏறி வீட்டுக்குள் வருகிறது. கல்லில் நாலு தடவை மோதினால் வர்ணமும் பெயர்ந்துவிடும்.

மகளோடு செக்கப்புக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டோம். வயிற்றில் போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு நாலைந்து மடங்கு அதிகமாக இழுத்துக்கொள்ளுமாம். மூளை வளர்ச்சி, படிப்பு, நடத்தை எல்லாவற்றையும் பாதிக்கும். தாயின் எலும்பில் பழைய காரீயம் தங்கியிருந்தால் கர்ப்ப காலத்தில் அது கரைந்து ரத்தத்துக்கு வந்து சிசுவுக்கும் போய்ச் சேரும். அங்கே 2021-இல், குழந்தையின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அளவைக் குறைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இருந்தால் பயமில்லை என்றும் அர்த்தமில்லை. பத்திரமான அளவு என்று ஒன்று கிடையாது.

பேரனுக்கு அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். முடிவு வருகிற வரை மாப்பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்றுக்கும் கீழே என்று வந்த பிறகுதான் எங்கள் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அப்புறம் அவரே வெள்ளீயத்துக்கு மாறிவிட்டார். விலை கூடுதல். எடையும் காரீயத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால் கொஞ்சம் மெதுவாக இறங்குகிறது. அதனால் தலையைச் சற்றுப் பெரிதாக வார்க்கிறார். பெரிய தலையில் ஜிகினாவும் எடுப்பாகத் தெரிகிறது! 177 டிகிரி அவன் சூட்டையும் வெள்ளீயம் தாங்குகிறது. பிஸ்மத்தும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை ஒன்று 138 டிகிரியிலேயே உருகிவிடும். அதை அவனில் வைத்தால் ஜிக் சொட்டுச் சொட்டாகக் கீழே விழும். அதற்கு நகப்பூச்சு முறைதான் சரி.

இதனால் ஏரிக்கும் நல்லது. 'லூன்' என்கிற நீர்ப்பறவை மின்னசோட்டாவின் மாநிலப் பறவை. இரை செரிக்கக் கூழாங்கல் விழுங்குவது அதன் வழக்கம். கல்லோடு சேர்த்தோ, மீன் வயிற்றில் இருந்தோ ஒரே ஒரு காரீய ஜிக் உள்ளே போனாலும் அது செத்துவிடும்.

மீன் தூண்டிலானாலும் கொலு பொம்மையானாலும், வீட்டில் வர்ணமும் ஜிகினாவும் கையாளுகிற சகோதரிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்:

வர்ண வேலைக்கு வைத்த அவன், தட்டு, கரண்டி மறுபடி சமையலறைக்கு வரக் கூடாது.

ஜிகினாவை வாயால் ஊதாதீர்கள். கண்ணில் பட்டால் கருவிழியைக் கீறும். கீழே தாள் விரித்து, சிந்தியதை மடித்து டப்பாவில் போடுங்கள்.

வேலை செய்த இடத்தைப் பெருக்க வேண்டாம், தூள் பறக்கும். ஈரத் துணியால் துடையுங்கள். அந்த உடுப்பைத் தனியாகத் துவைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.

கேழ்வரகு, கீரை, பால், பருப்பு என்று குழந்தைக்குக் கொடுங்கள். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறையாத உடம்பு காரீயத்தைக் குறைவாகத்தான் இழுக்கும்.

நம் நாட்டில் வீட்டு வர்ணங்களில் காரீயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்துதான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தின பழைய வர்ணம் உரிகிற ஜன்னல், தொட்டில், பொம்மை எதையும் குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈயச் சொம்பு வாங்குகிறவர்களும் தெரிந்த கடையில், சுத்த வெள்ளீயம்தானா என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை, கேளுங்கள்.