ராத்திரியானா காணாமப் போற வைஃபை

நெட்வொர்க் வேலை பாக்கறவன் வீட்ல வைஃபை வராதுன்னு ஒரு பழமொழி இருக்கு. எங்க இருக்குன்னு கேக்காதீங்க, இப்பத்தான் எழுதினேன் :-)

பெங்களூருக்கு வந்து பொட்டி தட்ட ஆரம்பிச்சு 18 வருஷமாச்சு. ஆபீசுல நாலு மாடிக்கும் வயர் இழுத்து, மூலைக்கு மூலை ஆக்சஸ் பாயிண்ட் மாட்டி, எவனுக்காவது சிக்னல் ஒரு கோடு குறைஞ்சா ஓடிப்போய் பாக்கறதுதான் நம்ம பொழப்பு. அப்பேர்ப்பட்டவன் வீட்ல, போன மார்கழி முழுக்க வைஃபை ராத்திரியானா காணாமப் போச்சு. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் பொறுமையா படிங்க, ஊர்ல இருந்து அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வந்து கூட வச்சிருக்கறவங்க இன்னும் கொஞ்சம் பொறுமையா படிங்க.

வீடு ராமமூர்த்தி நகர்ல. கீழ ஹால், சமையல்கட்டு, எங்க ரூம். மேல ரெண்டு ரூம், ஒண்ணு அப்பாவுக்கு, இன்னொண்ணு தங்கமணியோட "ஆபீஸ்". நெட் லைன் வர்றது கீழ ஹாலுக்கு. நடுவுல கான்கிரீட் தளம் இருக்கறதால சிக்னல் மேல ஏறாது. அதனால கீழ இருக்கற ரவுட்டர்ல இருந்து ஒரு கேபிளை சுவத்துக் குழாய் வழியா மேல கொண்டுபோய், அது வெளிய வர்ற இடத்துலயே ஒரு ஆக்சஸ் பாயிண்ட் வச்சுட்டேன். அந்த இடம் அப்பா கட்டிலோட தலைமாட்டு அலமாரி.

அப்பா வாணியம்பாடி பக்கம் ரைஸ் மில்லுல 30 வருஷம் கணக்கு எழுதினவர். அம்மா போனதுக்கு அப்புறம் ஒரு வருஷம் தனியா சமைச்சு சாப்பிட்டுக்கிட்டு வரமாட்டேன்னு நின்னார். ஜோலார்பேட்டையில ரயிலேறினா ரெண்டு, ரெண்டரை மணி நேரம்தான், நெனச்சா ஊருக்குப் போயிட்டு வரலாம்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்.

தங்கமணிக்கு அமெரிக்காக்காரங்களோட ராத்திரி ஒன்பதரைக்கு மேலதான் மீட்டிங். டிசம்பர் ஆரம்பத்துல ஒருநாள் பத்தே காலுக்கு மேல இருந்து குரல் வந்துது: "ஏங்க, போச்சு!" நான் சட்டையை மாத்திக்கிட்டு மேல ஏறறதுக்குள்ள பத்து நிமிஷம் போயிருக்கும், அதுவாவே வந்துடுச்சு. மூணு நாள் கழிச்சு மறுபடி. அடுத்த வாரம் அவ அப்ரைசலுக்காக ரெடி பண்ணின விஷயத்தை பெரிய மேனேஜருக்கு விளக்கிட்டு இருக்கறப்ப மறுபடி. அன்னைக்கு கீழ வந்து அவ ஒண்ணும் பேசல. பேசாதது எவ்வளவு டேஞ்சர்னு கல்யாணம் ஆனவங்களுக்குத் தெரியும்.

முதல் சந்தேகம் அக்கம்பக்கத்து மேல. போன்ல ஸ்கேன் பண்ணினா 34 வைஃபை பேரு தெரியுது. (ஒருத்தர் 'சொந்தமா வாங்குடா'ன்னே பேர் வச்சிருக்கார்.) 2005 ஜனவரியில 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாம யாரும் பயன்படுத்தலாம்னு மத்திய அரசு திறந்துவிட்டாங்க. நல்ல காரியம்தான். ஆனா அதுல ஒண்ணோட ஒண்ணு முட்டிக்காத சேனல்னு பாத்தா 1, 6, 11 மூணே மூணு. அந்த மூணுல 34 வீடு குடித்தனம் பண்ணணும். சரின்னு எல்லாத்தையும் 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் மாத்தினேன். போச்சா பிரச்சினை? போகல.

அடுத்தது மைக்ரோவேவ் அடுப்பு. அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸ்லதான் வேலை செய்யுது, கொஞ்சம் கசிஞ்சாலும் வைஃபைக்கு வம்பு. ஆனா காலைல மூணே முக்காலுக்கு எங்க வீட்ல யார் மைக்ரோவேவ் போடறாங்க? (மூணே முக்கால் கணக்கு எப்படி வந்துதுன்னு பின்னாடி சொல்றேன்.)

அப்புறம் பீரோ. ஆக்சஸ் பாயிண்டுக்கும் தங்கமணி ரூமுக்கும் நடுவுல ஆளுயரக் கண்ணாடி வச்ச இரும்பு பீரோ நிக்குது. இரும்பும் ரேடியோ அலையும் ஜென்ம விரோதிங்க. 1981-ல இதே பெங்களூர்ல இஸ்ரோ, 'ஆப்பிள்'ங்கற தகவல்தொடர்பு செயற்கைக்கோளை மாட்டு வண்டியில ஏத்தி வச்ச போட்டோ பாத்திருப்பீங்க. வண்டி வாங்கக் காசில்லைன்னு இன்னைக்கும் அதை ஃபார்வேர்ட் பண்ணி உருகறாங்க. விஷயம் வேற. ஆண்டெனாவை சோதிக்கறப்ப சுத்தி இரும்பு இருந்தா அலை அதுல பட்டுத் திரும்பி அளவெல்லாம் கெட்டுப்போகும். லாரின்னா முழுக்க இரும்பு. மரவண்டியில அந்தத் தொல்லை இல்ல. அந்த வருஷம் ஜூன்லயே ஏரியான் ராக்கெட்ல அது மேல போயிடுச்சு.

அவங்களே அவ்வளவு யோசிச்சாங்கன்னா நாம ஒரு பீரோவை நகர்த்த மாட்டோமா? ஞாயித்துக்கிழமை தள்ளினேன். அப்பாவும் கை குடுத்தார். ரெண்டடி தள்ளினதும் கட்டில்ல உக்காந்துட்டார். "வயசாச்சுடா"ன்னார். நானும் ஆமாம்பான்னுட்டு மிச்சத்தைத் தள்ளினேன்.

சிக்னல் ரெண்டு கோடு ஏறுச்சு. அன்னைக்கு ராத்திரியே வைஃபை போச்சு.

கேபிள் நுனியை வெட்டிட்டு ரெண்டு பக்கமும் புதுசா கிரிம்ப் பண்ணினேன். ஃபர்ம்வேர் மாத்தினேன். லைன் குடுக்கறவங்களுக்கு போன் போட்டு, ஒண்ணை அமுக்கி ரெண்டை அமுக்கி, கடைசில வந்த தம்பி எல்லா லைட்டும் பச்சையா எரியறதைப் பாத்துட்டு "எல்லா சரி இதே சார்"னுட்டு கெளம்பிட்டார். அவர் மேல தப்பில்ல, பகல்ல எல்லாம் சரியாத்தான் இருந்துது.

இவ்வளவும் பண்ணினதுக்கு அப்புறம்தான், ஆபீசுல புதுசா சேர்ற பசங்களுக்கு முதல் நாள் சொல்லிக்குடுக்கறதை நானே செய்யலைன்னு உறைச்சுது. கனெக்‌ஷன் போகுதுன்னா முதல்ல பாக்க வேண்டியது, பொட்டி எவ்வளவு நேரமா முழிச்சிருக்குங்கறது. அப்டைம்னு ஒரு எண் உள்ளயே இருக்கும். சிக்னல் கோளாறா இருந்தா பொட்டி பாட்டுக்கு நாள்கணக்கா ஓடிட்டிருக்கும், ஆளுங்க மட்டும் கழண்டுக்குவாங்க. உள்ள போய்ப் பாத்தேன். அப்டைம் 14 மணி நேரம். அதாவது, முந்தின ராத்திரி பொட்டியே செத்துப் பொழச்சிருக்கு. சேனலும் இல்ல, பீரோவும் இல்ல. கரண்டு!

உடனே அடாப்டர் மேல பழி போட்டேன். பழசானா உள்ள கெப்பாசிட்டர் உப்பிக்கிட்டு, 12 வோல்ட் குடுக்கற மாதிரியே இருந்து லோடு ஏறினதும் காலை வாரும். புது அடாப்டர் மாட்டினேன். ரெண்டு நாள் நிம்மதி. மூணாம் நாள் மறுபடி.

இதுக்கு நடுவுல ஒரு நல்ல காரியம் பண்ணியிருந்தேன். மூலையில கெடந்த ராஸ்பெர்ரி பையை எடுத்து, அரை நிமிஷத்துக்கு ஒருதரம் ஆக்சஸ் பாயிண்டைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி விட்டிருந்தேன். பதில் இல்லைன்னா நேரத்தைக் குறிச்சு வைக்கும், திரும்பி வந்தா அதையும் குறிக்கும். நாலு வாரம் ஓடியிருந்துது. உக்காந்து மொத்தமாப் பாத்தேன்.

முதல் வாரம் 2 தடவை. அடுத்தது 3. அப்புறம் 5. கடைசி வாரம் 9. பாதி ராத்திரி பத்துலருந்து பதினொண்ணுக்குள்ள, மீதி விடிகாலை மூணுலருந்து அஞ்சுக்குள்ள. பகல்ல ஒண்ணுகூட இல்ல. ஒவ்வொரு தடவையும் 12, 13 நிமிஷம். அதுதான் உறுத்துச்சு. அடாப்டர் தானா விட்டுட்டு வந்தா, பொட்டி திரும்ப எழுந்திரிக்க ரெண்டு நிமிஷம் போதும். மிச்சம் பத்து நிமிஷம் என்ன பண்ணுது? தெருவுல கரண்டு போச்சுன்னா கீழ ரவுட்டரும் சேர்ந்து போயிருக்கணும், அது போகல.

யாரோ புடுங்கி, பத்து நிமிஷம் கழிச்சு மாட்டறாங்க.

அப்பா கரண்டை மிச்சம் பண்றார்னுதான் நெனச்சேன், சத்தியமா. ரூமை விட்டு வெளிய வந்தாலே ஃபேனை அணைக்கற பரம்பரை. அவர்கிட்ட நேராக் கேக்கலாம்தான். ஆனா "நான் வந்ததால உங்களுக்குத் தொந்தரவா"ன்னு ஆரம்பிச்சுடுவாரோன்னு, இந்த வைஃபை சண்டையை ஒரு மாசமா நாங்க அவர் காதுக்கே கொண்டுபோகல. கீழ கிசுகிசுன்னுதான் சண்டை போட்டுக்கிட்டோம். அடுத்த தடவை போறப்ப என் போன் அடிக்கற மாதிரி மட்டும் ஸ்கிரிப்டை மாத்தினேன்.

விடிகாலை 3.50-க்கு அடிச்சுது.

சத்தமில்லாம மேல ஏறினேன். அப்பா ரூம்ல டிவி ஓடுது. (மாமா ராத்திரில டிவி சத்தமா வைக்கறார்னு தங்கமணி ஏற்கனவே சொல்லியிருந்தா.) அதுக்கு அடியில இன்னொரு சத்தம், மீன் தொட்டி மோட்டார் மாதிரி. கதவைத் திறந்தேன். அப்பா கட்டில்ல ரெண்டு கையையும் ஊனி முன்னாடி சாஞ்சு உக்காந்திருக்கார். தோள் ரெண்டும் ஏறி ஏறி இறங்குது. மூஞ்சியில பிளாஸ்டிக் மாஸ்க், அதுல இருந்து புகை மாதிரி மருந்து. நெபுலைசர். அதோட பிளக் தலைமாட்டு பாயிண்ட்ல இருக்கு. என் அடாப்டர் அலமாரி ஓரத்துல தொங்கிட்டிருக்கு.

என்னைப் பாத்ததும் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார். "வைஃபை போயிடுச்சா? இரு, அஞ்சு நிமிஷத்துல மாட்டிடறேன்."

நான் ஒண்ணும் சொல்லல. பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிக்கிட்டிருந்தேன், மருந்து தீர்ற வரைக்கும்.

அந்தக் கட்டில் பக்கம் இருக்கறதே ஒரு பாயிண்ட்தான். அடுத்தது எதிர் சுவத்துல, மெஷினோட வயர் எட்டாது, இழுப்பு வந்தா அவரால எழுந்து போகவும் முடியாது. ஊர்லயே டாக்டர் குடுத்த மெஷினாம். துணிக்கு அடியில வச்சு பையில எடுத்துட்டு வந்திருக்கார். மருந்து, சாயங்காலம் வாக்கிங் போற வழியில மெடிக்கல்ல வாங்கிக்கறது.

"எதுக்குப்பா சொல்லல?"

"சொன்னா நீ ஆசுபத்திரிக்கு இழுப்பே. உங்கம்மாவுக்கு பத்தொம்பது நாள் பாத்தது போதாதா?" கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்தப் பொட்டி என் ரூமுக்கு மட்டும்னு நெனச்சேன்டா. எனக்கெதுக்கு விடியக்காலைல நெட்டு? அந்தப் பொண்ணு பேசிட்டிருக்கறப்பவா போச்சு?"

அவருக்கு அப்பவும் அந்தக் கவலைதான்.

காலைல நுரையீரல் டாக்டர்கிட்ட போனோம். கன்னடக்காரர், நல்லா தமிழ் பேசினார். "வாரத்துக்கு எத்தனை தடவை வைக்கறீங்க?"ன்னார். அப்பா, "எப்பவாச்சும், ஒண்ணு ரெண்டு"ன்னார். மில்லுல மூட்டைக்கு மூட்டை கணக்கு வச்ச மனுஷன், இதுக்கு மட்டும் கணக்கு வைக்கல. நான் போனை நீட்டினேன். 2, 3, 5, 9. டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு நேரத்தையெல்லாம் படிச்சார். என்ன இதுன்னு கேட்டார், சொன்னேன். சிரிச்சுட்டார். எழுதி வைங்கன்னு தலைதலையா அடிச்சுக்கறேன், ஒருத்தரும் எழுதறதில்ல, உங்க வீட்ல வைஃபை எழுதியிருக்குன்னார்.

அப்புறம் சிரிக்காம சொன்னார். இந்த மாதிரி உடனடி நிவாரண மருந்து வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல தேவைப்பட்டாலே ஆஸ்துமா கட்டுப்பாட்டுல இல்லைன்னு அர்த்தம். ராத்திரி, விடிகாலைல எழுப்புதுன்னா இன்னும் மோசம். நெபுலைசர் அந்த நேரத்துக்கு மூச்சுக்குழாயைத் திறந்துவிடுமே தவிர, உள்ள இருக்கற வீக்கத்தைக் குறைக்காது. அதுக்கு தினமும் எடுக்கற ஸ்டீராய்டு இன்ஹேலர் வேணும். அப்பா "இன்ஹேலர் பழகிடுமே டாக்டர்"னார், எல்லா அப்பாக்களும் சொல்ற மாதிரி. பழகாது, இத்துனூண்டு மருந்து நேரா நுரையீரலுக்குப் போகுதுன்னு டாக்டர் பொறுமையா விளக்கினார். ஊதிக் காட்டச் சொல்லி டெஸ்ட் எடுத்தாங்க.

பெங்களூருக்கும் இதுல பங்கு இருக்கு. இங்க டாக்டர் பரமேஷ்னு ஒரு குழந்தை மருத்துவர், 20,000 குழந்தைகளைப் பாத்து எடுத்த கணக்குல, ஆஸ்துமா 1979-ல 9 சதவீதமா இருந்தது 1999-ல 29.5 ஆயிடுச்சு. புகை, தூசி, குளிர், காலி மனையெல்லாம் பார்த்தீனியம். 30 வருஷம் தவிட்டுத் தூசியில மூச்சு விட்டவரைக் கொண்டுவந்து, இந்த ஊர் மார்கழியில நான் குடிவச்சிருக்கேன்.

இன்ஹேலர் ஆரம்பிச்சு ரெண்டு மாசமாச்சு. அடுத்த வாரமே 6 ஆச்சு, அப்புறம் 3, 1, இப்ப முட்டை.

தங்கமணிக்கு நெட் போகாம இருக்க வழி ரொம்ப சுலபம். கேபிள் வழியாவே கரண்டு அனுப்பற ஒரு சின்ன பொட்டி இருக்கு, அதை மாட்டினா ஆக்சஸ் பாயிண்டுக்குப் பிளக்கே வேண்டாம். வாங்கியும் வந்துட்டேன். அப்பாவுக்குக் கையெட்டற தூரத்துல இன்னொரு பாயிண்டும் போட்டுடலாம். ஆனா ரெண்டையும் செஞ்சுட்டா ராத்திரி மேல என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? காலிங் பெல் வைக்கறேன்னேன். அப்பா வேண்டாம்னுட்டார். "ஆசுபத்திரி மாதிரி பெல்லெல்லாம் எதுக்கு? முடியலைன்னா இதைப் புடுங்குவேன், உனக்கு போன் அடிக்கும். அவ்வளவுதானே?" தங்கமணிதான் முதல்ல சரின்னா. இப்ப அவ மீட்டிங்கெல்லாம் கீழ சாப்பாட்டு மேஜையில. அந்தப் பொட்டி இன்னும் அட்டைப்பெட்டியை விட்டு வெளிய வரல.

போன வியாழக்கிழமை ராத்திரி 10.40-க்கு போன் அடிச்சுது. ரெண்டு ரெண்டு படியாத் தாவி ஏறினேன். பின்னாடியே தங்கமணி, மீட்டிங்கை அப்படியே விட்டுட்டு. அப்பா சாவகாசமா கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கார். தலைமாட்டு பாயிண்ட்ல அவர் செல்போன் சார்ஜர்.

"சார்ஜ் சுத்தமா இல்லடா. இதுக்கு எதுக்கு ரெண்டு பேரும் ஓடியார்றீங்க?"