முப்பதாவது கிலோமீற்றர்

மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர். அதை ஓடி முடிப்பதற்காக நானும், முச்சக்கர வண்டி ஓட்டும் என் நண்பனும் ஓராண்டு காலம் அதிகாலையில் கல்லடிப் பாலத்தில் பயிற்சி செய்தோம். "தொடக்கத்தில் மெதுவாக ஓடு மச்சான்" என்று அவன் பலமுறை சொல்லியிருந்தான்.

கொழும்பில் போட்டியன்று கூட்டத்தைக் கண்டதும் அதை மறந்து வேகமாக ஓடினேன். முப்பதாவது கிலோமீற்றரில் தசைகளில் சேமித்திருந்த கிளைக்கோசன் தீர்ந்துபோக, கால்கள் ஓட மறுத்தன. பின்னால் வந்த நண்பன் என்னைக் கடந்து சென்றிருந்தால் நான்கு மணித்தியாலத்தில் முடித்திருப்பான். அதுவே அவனது ஓராண்டுக் கனவு. ஆனால் அவன் நின்றான். எஞ்சிய தூரத்தை இருவரும் நடந்தே முடித்தோம்.

"உன் நேரத்தைக் கெடுத்துவிட்டேன்" என்றேன்.

"நாளைக்குப் பாலத்தில நான் தனியாகவா ஓடுறது?" என்றான்.

மாணவர்களே, அன்று எனக்குப் பதக்கத்தைவிடப் பெரியதொன்று கிடைத்தது.