கிணற்று மேட்டில் பாஸான பாடம்

2023 சித்திரை மாதம். ராசிபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மேட்டுக்காட்டில் நின்ற ஒரு ஏக்கர் மரவள்ளி இலை சுருண்டு கிடந்தது. கிணற்றில் தண்ணீர் இல்லாமல் இல்லை. கிணற்றுக்குள் திட்டில் உட்கார்ந்திருந்த 5 ஹெச்.பி. மோனோபிளாக் மோட்டாரும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால், 600 அடி தாண்டி மேட்டுக்காட்டுக்குப் போய்ச் சேரும் தண்ணீர் பைப் வாயில் சோர்ந்து விழுந்தது. மும்முனை கரன்ட் இருக்கும் நேரத்துக்குள் முழுக்காடும் நனையவில்லை.

"7.5 ஹெச்.பி. போட்டாத்தான் ஆகும்" என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அதற்காகச் சீட்டுப் பணத்தையும் எடுத்து வைத்திருந்தார். இலவச மின் இணைப்பில் ஹெச்.பி.யைக் கூட்ட வேண்டுமென்றால் மின்வாரியத்தில் மனுக் கொடுக்க வேண்டும். அதற்கும் அலையத் தயாராக இருந்தார்.

சனிக்கிழமை ஹாஸ்டலில் இருந்து வந்த மகன், "மோட்டார் வேண்டாங்கப்பா. பைப்பை மாத்தலாம்" என்றான்.

அவன் சேலம் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு. அப்பா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தப் பாடத்துலதானே கண்ணு நீ பெயிலாயிட்டு வந்திருக்கிற?" என்று கேட்டார்.

கேட்டது உண்மைதான். மூன்றாம் பருவத்தில் பாய்ம இயக்கவியல் பேப்பர் போயிருந்தது. குழாயில் தண்ணீர் எப்படி ஓடும், பம்பு எப்படித் தூக்கும் என்பதைச் சொல்லும் பாடம் அது.

அரசுப் பள்ளிப் பையன்

பன்னிரண்டாம் வகுப்பு வரை ஊர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021-ல் பொறியியல் படிப்புக்கும் வந்தது. அந்த ஆண்டே அதில் இடம் கிடைத்தது. கல்விக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொண்டதால் வீட்டில் நகையை அடகு வைக்கும் நிலை வரவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் எடுக்கச் சொன்னார்கள். அவன்தான் மெக்கானிக்கல் என்று நின்றான். சின்ன வயதிலிருந்து அப்பா மோட்டாரைப் பிரிக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன்.

முதல் ஆண்டில் பட்டறைப் பயிற்சி வகுப்பு அவனுக்குக் கல்யாண விருந்து மாதிரி இருந்தது. பிளம்பிங், மர வேலை, வெல்டிங், லேத் என்று வாராவாரம் ஒரு வேலை. பம்பைப் பிரித்து மறுபடி பூட்டச் சொன்னபோது வகுப்பிலேயே முதலில் முடித்தவன் அவன்தான். மற்ற பையன்கள் இம்பெல்லரைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் மாட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கஷ்டம் எல்லாம் கரும்பலகைக்கு முன்னால்தான். பாடம் முழுக்க ஆங்கிலம். எடை, அழுத்தம், வேகம் என்று தமிழில் தெரிந்த எல்லாமே வேறு பெயரில் வந்தன. கணக்கில் ஒரு வரி பிடிபடுவதற்குள் வாத்தியார் பலகையை அழித்துவிடுவார். மூன்றாம் பருவ முடிவு வந்தபோது இரண்டு அரியர். "பேசாம வந்து காட்டைப் பாத்துக்கறேன்" என்று அம்மாவிடம் போனில் சொன்னான். "காடு எங்கயும் ஓடிப்போகாது. நீ பரீட்சையை எழுது" என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்துவிட்டார்.

டிரம்மும் நோட்டும்

அப்பாவின் கேள்விக்கு அவன் பதில் பேசவில்லை. 200 லிட்டர் டிரம் ஒன்றை உருட்டிக்கொண்டு மேட்டுக்காட்டுக்குப் போனான். மோட்டாரைப் போடச் சொல்லி, பைப் வாயில் டிரம்மை வைத்து, செல்போனில் நேரம் பார்த்தான். நிரம்ப 50 விநாடி ஆனது. அப்படியென்றால் விநாடிக்கு 4 லிட்டர்.

ராத்திரி நோட்டில் கணக்குப் போட்டான். கிணற்று நீர்மட்டத்திலிருந்து மேட்டுக்காட்டு பைப் வாய் வரை உயரம் 60 அடி. மோட்டார் ஏற்ற வேண்டிய உயரம் அவ்வளவுதான். ஆனால் ஓடும் தண்ணீர் பைப்பின் உள்சுவரில் வழி நெடுக உரசிக்கொண்டே போகிறது. அந்த உரசலைத் தாண்டவும் மோட்டாரின் பலம் செலவாகிறது. புதைத்திருந்தது 2 இன்ச் பைப். அதில் விநாடிக்கு 4 லிட்டர் 600 அடி தூரம் போனால், உரசலில் மட்டும் சுமார் 46 அடி உயரத்துக்குச் சமமான பலம் வீணாகும். ஆக, 60 அடிக்கு ஏற்ற வேண்டிய தண்ணீரை 106 அடிக்கு ஏற்றுகிற பாடு மோட்டாருக்கு.

அதே தண்ணீர் 3 இன்ச் பைப்பில் போனால் உரசல் இழப்பு ஆறரை அடிதான். பைப் அகலம் ஒன்றரை மடங்கு கூடினால் இழப்பு ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. பழைய பைப்பிலேயே பெரிய மோட்டாரைப் போட்டால், தண்ணீர் வேகம் கூடக்கூட உரசலும் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. கூடுதல் ஹெச்.பி.யில் பெரும்பகுதியைப் பைப்பே தின்றுவிடும்.

காலையில் நோட்டை அப்பாவிடம் கொடுத்தான். அவர் கணக்கைப் பார்க்கவில்லை. "60 அடி, 106 அடி" என்பதை மட்டும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு, "பைப்பை மாத்தியும் தண்ணி வரலைன்னா சீட்டுப் பணமும் போச்சு, மரவள்ளியும் போச்சு" என்றார்.

"வரும்ங்கப்பா."

அப்பா எழுந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

மெக்கானிக் பார்த்த தப்பு

முப்பது நீளம் 3 இன்ச் பைப் வந்து இறங்கியது. அப்பா, அம்மா, மகன், பக்கத்துக் காட்டுக்காரர் என நால்வரும் இரண்டு சனி, ஞாயிறு வாய்க்கால் வெட்டிப் பைப்பை இறக்கினார்கள். மோட்டாரைப் போட்டதும் மேட்டுக்காட்டில் தண்ணீர் குதித்து விழுந்தது. டிரம் 30 விநாடியில் நிரம்பியது. அம்மா அந்தத் தண்ணீரிலேயே முகம் கழுவினார்.

கால் மணி நேரம்தான். ஸ்டார்ட்டர் தட்டிவிட்டது. மறுபடி போட்டார்கள், மறுபடி தட்டியது. மோட்டாரைத் தொட்டுப் பார்த்தால் கை வைக்க முடியாத சூடு. மகனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அப்பா ஒரு வார்த்தையும் சொல்லாமல், ஊரில் காயில் கட்டும் மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

அவர் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். வந்தவுடன் டாங் டெஸ்டரை ஒயரில் மாட்டிப் பார்த்தார். 9 ஆம்பியர். மோட்டாரின் பெயர்த்தகட்டில் போட்டிருந்தது 7.5. "லோடு குறைஞ்சுபோச்சுங்கண்ணா, அதான் மோட்டார் திணறுது" என்றார்.

மகனுக்குப் புரியவில்லை. "லோடு குறைஞ்சா ஆம்ப்ஸ் குறையத்தானேங்கண்ணா வேணும்?"

"இந்தப் பம்புக்கு அப்படியில்ல தம்பி. எதிர்ப்பு இல்லைன்னா தண்ணியை அள்ளி அள்ளிக் கொட்டும். கொட்டற தண்ணி கூடுனா இழுக்கற கரன்டும் கூடும்." சொல்லிக்கொண்டே டெலிவரி பைப்பில் இருந்த கேட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினார். முள் 9-லிருந்து இறங்கி 7.5-க்குக் கீழே வந்ததும் கையை எடுத்தார். "இந்த இடத்துல பெயின்ட்டு வெச்சுக்கோங்க. இதுக்கு மேல தொறக்காதீங்க."

மறுபடி டிரம் வைத்துப் பார்த்தார்கள். 35 விநாடி. முன்பு 10 மணி நேரம் பாய்ச்ச வேண்டிய தண்ணீர் இனி 7 மணி நேரத்தில் பாயும். மோட்டாரும் அதேதான், ஹெச்.பி.யும் அதேதான்.

ஆய்வகத்தில் வரைந்த கோடு

அன்று இரவு அவன் தன் ஆய்வக ரெக்கார்டு நோட்டைப் புரட்டினான். அந்தப் பருவத்தில்தான் மையவிலக்கு பம்பு சோதனை செய்திருந்தான். வால்வைப் படிப்படியாகத் திறந்து, ஒவ்வொரு நிலையிலும் தண்ணீர் அளவு, அழுத்தம், மின்சாரம் மூன்றையும் குறித்து, வரைபடத்தாளில் கோடு போட்டிருந்தான். தண்ணீர் கூடக்கூட அழுத்தக் கோடு கீழே இறங்கியது, மின்சாரக் கோடு மேலே ஏறியது. மெக்கானிக் சொன்னது அப்படியே அங்கே இருந்தது. அதை அவன் தன் கையாலேயே வரைந்திருந்தான். மார்க்குக்காக வரைந்ததால் அது என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு படிக்கும் முறையை மாற்றிக்கொண்டான். ஆங்கிலத்தில் ஒரு விதி வந்தால் அதைத் தன் காட்டில் எங்கே பார்த்தோம் என்று நோட்டின் ஓரத்தில் தமிழில் எழுதுவான். வெப்ப இயக்கவியலுக்குப் பக்கத்தில் டிராக்டரின் ரேடியேட்டர், பொருள்களின் வலிமைக்குப் பக்கத்தில் வளைந்துபோன கலப்பைக் கொழு, இயந்திரங்களின் இயக்கவியலுக்குப் பக்கத்தில் டிராக்டரின் கியர்பெட்டி. புரியாத இடத்துக்கு மட்டும் வாத்தியாரைத் தேடிப் போவான். அடுத்த தேர்வில் பாய்ம இயக்கவியல் தேறியது. இன்னொரு அரியர் தேற மேலும் ஒரு பருவம் ஆனது.

2025-ல் படிப்பு முடிந்தது. கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியில், பம்புகளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் வேலை. கம்ப்யூட்டர் படித்த சொந்தக்காரப் பையனின் சம்பளம் இவனைவிடக் கூடுதல்தான். அதை அம்மா எப்போதாவது சொல்லிக்காட்டுவதும் உண்டு. அப்பா அந்தப் பேச்சில் சேருவதில்லை. வாரம் ஒருமுறை கிணற்றுக்குள் இறங்கி, வால்வின் பெயின்ட் குறி இடம் மாறாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறார்.

ஊருக்கு வரும்போது, "தண்ணி எட்டலை, பெரிய மோட்டார் போடலாமா?" என்று யாராவது அவனைக் கூப்பிடுகிறார்கள். அவன் முதலில் கேட்பது மூன்று கேள்விதான்: "பைப் எத்தனை இன்ச்? எவ்வளவு தூரம்? டிரம் நிரம்ப எத்தனை விநாடி ஆகுது?" பார்க்கப் போகும்போது டிரம்மை வண்டியில் கட்டிக்கொண்டு, போகிற வழியில் அந்த மெக்கானிக்கையும் ஏற்றிக்கொள்கிறான்.