கடல் பார்க்கப் போன இரண்டு நாட்கள்

"ஆரைப் பார்க்கப் போறீங்க மகள்?"

வாழைச்சேனையில் பிளேன்டீ ஊற்றித் தந்த அம்மா கேட்டார்.

"கடலைப் பார்க்க அம்மா" என்றேன்.

அவர் நம்பவில்லை. அதில் பிழையும் இல்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் தூரப் பயணம் போனதெல்லாம் உயிர் தப்ப ஓடுவதற்கு, காணாமற்போனவரைத் தேடுவதற்கு, விண்ணப்பம் கொடுப்பதற்கு. அதுவும் இல்லாவிட்டால் செத்தவீட்டுக்கு.

ஆனி மாதத்து ஒரு சனிக்கிழமை விடியற்காலை, என் ஸ்கூட்டியில் மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் புறப்பட்டோம். ஏறத்தாழ 130 கிலோமீற்றர். பின்னால் இருந்தவள் என்னை விடச் சில வயது மூத்த தோழி. தையல் வேலை செய்பவள். 2007இல் கொண்டுபோகப்பட்ட கணவரைப் பற்றி இன்றுவரை அவளுக்கு ஒரு செய்தியும் இல்லை. பெற்றோல் செலவில் பாதியைச் சீட்டுக் காசில் ஒதுக்கி வைத்திருந்தாள். "இதுக்கும் காசு செலவழிக்கிறதா?" என்று வீட்டில் கேட்டார்களாம்.

இந்த வீதி எனக்குப் புதிதல்ல. மடியில் படிவங்களோடு அலுவலக வாகனத்தில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். எத்தனை குடும்பம், எத்தனை கிணறு, எத்தனை மலசலகூடம் என்று எழுதியிருக்கிறேன். ஒரு நாளாவது இறங்கி நின்று கடலைப் பார்த்ததில்லை.

பனிச்சங்கேணிப் பாலத்தில் அவளே நிறுத்தச் சொன்னாள். களப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒருவர் வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தார். கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து சூடாக அடித்தது. இந்த மாதங்களில் கிழக்குக் கடல் அடங்கித்தான் கிடக்கும். வாகரையைத் தாண்டியதும் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அவள் மூதூர் கிழக்கைச் சேர்ந்தவள். 2006இல் ஒரு வயது மகளை ஒக்கலையில் வைத்துக்கொண்டு வெருகலைக் கடந்து கதிரவெளிக்கு வந்தவள். அந்த நவம்பரில் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்த சனத்தின் மீது எறிகணைகள் விழுந்தபோது, அவள் சற்றுத் தள்ளி ஒரு மரத்தடியில் சமைத்துக்கொண்டிருந்தாளாம். பின்னர் வாகரை, அங்கிருந்து மட்டக்களப்பு. அன்று நடந்த வழியில்தான் இப்போது எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம். இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"திரும்புவமா அக்கா?" என்று கேட்டேன்.

"ஏன்? ஓடு புள்ள."

கதிரவெளியில் இறங்கி ஒரு வளவுக் கிணற்றைத் தேடினாள். அந்த நாட்களில் தண்ணீர் தந்த வீடு. வளவு இருந்தது, கிணறும் இருந்தது, ஆட்கள் வேறு. அந்த வீட்டுப் பெண் தண்ணீர் அள்ளித் தந்தார். குடித்துவிட்டு, "உப்புக் கரிக்குது. அப்ப தெரியல்ல" என்றாள். அவ்வளவுதான்.

வெருகல் ஆறு மகாவலியின் கிளை. கரையில் முருகன் கோயில். முன்னர் இந்த வீதியில் ஆறுகளைப் பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டும். பாதை வரும்வரை வெயிலில் மணிக்கணக்காக நின்ற கதையை ஊரில் எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வார். இப்போது எல்லா இடமும் பாலம். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். அதில் மெதுவாகவே ஓடினேன். இருபக்கமும் தண்ணீர் மின்னியது. பின்னாலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. அவள் பாடுவாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இரவு திருகோணமலையில் அவளுடைய சித்தி வீட்டில் தங்கினோம். காலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது கோட்டைக்குள் மான்கள் எங்கள் கையிலிருந்த வாழைப்பழத்துக்குப் பின்னால் வந்தன. கும்பிட்டு முடிந்ததும் மலை விளிம்பில் நின்று கீழே கடலைப் பார்த்தோம். நேர்த்தி ஏதும் வைத்தாயா என்று நான் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் பாசிக்குடா. போருக்குப் பின் வந்த ஹோட்டல்கள் கரையை வளைத்து நிற்கின்றன. நாங்கள் பொதுப்பக்கத்தால் இறங்கினோம். ஆழமில்லாத கடல். எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல் வராது போலிருந்தது. சேலையோடு நடந்து போனவள் திடீரென்று அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். பயந்து ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த முறை மகளைக் கூட்டி வரவேண்டுமாம். அவள் இப்போது உயர்தரம் முடித்துவிட்டாள்.

வாழைச்சேனைக் கடையில் ஈர உடுப்போடு இறங்கினோம். அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"மெய்யாவே கடலுக்கா போனீங்க?"

பிளேன்டீ ஊற்றியபடியே கேட்டார்: "போய்வரப் பெற்றோல் எவ்வளவு முடிஞ்சுது மகள்?"