கமரா நிலத்தைப் பார்க்கட்டும்

எங்கட போர்டிங்கில மூன்று கிழமையா ஒரே கதைதான்: இன்டர்நெட்டில ஆரும் ஓட்டக்கூடிய ஒரு றோபோ. ஈஎஸ்பி32 கமரா போர்ட், இரண்டு மோட்டர், பற்றரி. கலைப்பீடத்துக்கு இது ஏனென்று சிரிச்சாங்கள். கனடா போன எங்கட கூட்டாளி அங்கயிருந்தே முற்றத்து மாமரத்தடிக்கு வரவேணும், அவ்வளவுதான்.

ஆசை வந்தது 'டெலிகார்டன்' பற்றி வாசிச்சு. 1995இல் கலிபோர்னியாவில் கென் கோல்ட்பெர்க்கும் கூட்டாளிகளும் செய்தது. முகந்தெரியாத ஆட்கள் இணையத்தால் ஒரு றோபோக் கையை அசைத்து விதை நட்டார்கள், தண்ணி விட்டார்கள். பிறகு ஒஸ்ரியாவின் லின்ஸ் நகரில் 2004 வரை இருந்தது.

அந்தக் கை ஒரே இடத்தில் நின்றது. எங்கட சில்லு ஓடும். லைன் அறுந்தால் நேரே கிணத்தடிதான். அதனால அரை செக்கனுக்குள் கட்டளை வராட்டி மோட்டர் நிற்கவேணும் என்று முடிவெடுத்தோம். பல பேர் வந்தால் ஆளுக்கொரு நிமிசம்.

பிறகு பக்கத்து அறை அக்கா கேட்டா: "நான் உடுப்புக் காயப்போடேக்க உங்கட கமராவில ஆரார் பார்ப்பினம்?"

மோட்டரைப் பற்றி இவ்வளவு யோசிச்ச எங்களிட்ட இதுக்குப் பதில் இல்லை. வெட்கமாப் போச்சு.

இப்ப கமரா நிலத்தை மட்டும் பார்க்கும். ஓடேக்க சிவப்பு லைட் எரியும். ஓஃப் சுவிட்ச் அக்கான்ர கையில். மரம் தெரியாது, வேர் மட்டும்தான் என்று கூட்டாளிக்குச் சொன்னோம்.

"பரவாயில்லையடி, விழுந்த மாங்காயாவது தெரியுந்தானே" என்றாள்.