சிப்பிக்கு ஒரே விலாசம்

கல்யாணமானதிலிருந்து ஒன்பது வாடகை வீடு மாறிவிட்டேன். ஒன்றில் தண்ணீர் வராது, இன்னொன்றில் ஹவுஸ் ஓனர் சரியில்லை. பிடிக்காவிட்டால் காலி பண்ணிக்கொண்டு கிளம்பிவிடலாம். சிப்பிக்கு அந்த வசதி கிடையாது.

முத்துச்சிப்பியைச் சொல்லவில்லை. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் பிடித்து, எலுமிச்சம்பழம் பிழிந்து பச்சையாகவே விழுங்குகிறார்களே, அந்த ஆய்ஸ்டர். அதன் லார்வா இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் சுற்றித் திரியும். அளவு, மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. பிறகு கண் மாதிரி ஒரு கரும்புள்ளியும் குட்டியாக ஒரு காலும் வந்துவிடும். தரையில் ஊர்ந்து இடம் பார்க்கும். பிடிக்கவில்லையா, மறுபடி நீச்சல். பிடித்துவிட்டால் ஒரு துளி பசை விட்டு இடது ஓட்டை ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். கண்ணும் காலும் மறைந்துபோகும். ஆயுசுக்கும் அதே விலாசம்.

எதை வைத்து முடிவு செய்கிறது? முக்கியமாக, சொந்தக்காரர்கள் அங்கே இருக்கிறார்களா என்று. பெரிய சிப்பிகளிடமிருந்து கசியும் ரசாயனம், ஓட்டின் மேல் படிந்த பாக்டீரியா, சிப்பித் திட்டின் சத்தம்கூட. சத்தத்தை ஒலிபரப்பினால் கூடுதலாக வந்து ஒட்டுகின்றன என்று 2013-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆணும் பெண்ணும் தத்தம் வித்தைத் தண்ணீரில் விட்டுவிடுகிற ஜாதி. பக்கத்தில் ஆள் இருந்தால்தான் வம்சம்.

வினை வந்தது அங்கேதான். நூறு வருஷத்துக்கு மேலாக அள்ளியவர்கள் ஓட்டையும் சேர்த்து அள்ளினார்கள். சதையைத் தின்றுவிட்டு, ஓட்டை ரோடு போடவும் சுண்ணாம்புக்கும் கொடுத்தார்கள். அப்புறம் நோயும் சேறும். மிஞ்சியது சொற்பம். லார்வா வந்தாலும் உட்கார இடமில்லை. சேற்றில் விழுந்தால் மூச்சு முட்டிச் சாகவேண்டியதுதான்.

இப்போது மேரிலாந்தில் ஹார்ன் பாயின்ட் குஞ்சு பொரிப்பகத்தில் லார்வா வளர்க்கிறார்கள். ஓட்டல்களில் தின்று போட்ட ஓடுகளை வாங்கி, மாதக்கணக்கில் காயவைத்து, கழுவி, தொட்டியில் நிரப்பி, லார்வாவை ஊற்றுகிறார்கள். ஓரிரு நாளில் ஒட்டிக்கொள்கின்றன. அப்படியே படகில் கொண்டுபோய் இறக்குகிறார்கள். ஹாரிஸ் கிரீக் என்ற ஒரே ஒரு கிளையில் மட்டும் சுமார் 350 ஏக்கரில் இருநூறு கோடிக்கு மேல்!

விற்பனைக்கு வளர்ப்பவர்களுக்கு இந்தக் கூட்டுக்குடும்பம் ஆகாது. தட்டில் வைக்க ஒவ்வொன்றும் தனித்தனியாக, அழகாக இருக்கவேண்டும். அதனால் ஓட்டை மணல் போலப் பொடித்துப் போடுகிறார்கள். ஒரு துணுக்கில் ஒரு லார்வாவுக்குத்தான் இடம். சொந்தக்காரர் மடியில் உட்கார்ந்துவிட்டோம் என்ற நினைப்பிலேயே தனிக்குடித்தனம்.

தின்றவர் ஓட்டைத் திருப்பிக் கொடுத்தால் வருமான வரியில் சலுகை தர மேரிலாந்தில் சட்டமே போட்டார்கள். பூர்வீக வீட்டை இடித்து விற்றுவிட்டு, 'பிள்ளைகள் ஊர்ப்பக்கமே வருவதில்லை' என்று அலுத்துக்கொள்ளும் பெரியவர்கள் யோசிக்கலாம்.